மூன்றாவதாக வந்தவர்களின் வரலாறு

1993 மே மாதம். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் வெஸ்ட் ஹாமும் போர்ட்ஸ்மத்தும் தங்கள் 46 போட்டிகளையும் முடித்துவிட்டன. ரெண்டு டீமுக்கும் 26 வெற்றி, 10 சமநிலை, 10 தோல்வி. ரெண்டுக்கும் 88 புள்ளி. புள்ளி சமமானால் யார் அதிக கோல் அடித்தார்கள் என்று பார்ப்பது அன்றைய விதி. வெஸ்ட் ஹாம் 81 கோல். போர்ட்ஸ்மத் 80 கோல்.

ஒரே ஒரு கோல்! வெஸ்ட் ஹாம் இரண்டாமிடம் பிடித்து நேரே மேல் லீக்குக்குப் போனது. மூன்றாமிடத்தில் நின்ற போர்ட்ஸ்மத் பிளேஓஃபுக்குப் போனது. அங்கே அரையிறுதியில் எதிரே வந்தது ஆறாமிடத்து லெஸ்டர். லெஸ்டரின் புள்ளி 76, அதாவது 12 புள்ளி குறைவு. ஆனாலும் ரெண்டு ஆட்டத்திலும் சேர்த்து 3-2 என்று ஜெயித்தது லெஸ்டர்தான்.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. "நூலிழையில தவறின டீம் பிளேஓஃப்ல எழும்பாது மச்சான், மனசு உடைஞ்சிருக்கும்" என்று மேட்ச் பார்க்கிற பசங்க சொல்வார்கள். ஆறாவதாக வந்தவன் சந்தோஷத்தில் ஓடி வருவான், மூன்றாவதாக வந்தவன் துக்கத்தில் நடந்து வருவான் என்பது கணக்கு. கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா என்று வரலாற்றைத்தான் கேட்க வேண்டும்.

இதை நாம் கேட்பதற்குக் காரணம் கால்பந்து மட்டும் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர். உயர்தரத்தில் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றால் கெம்பஸ் இல்லை. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறவரைப் பற்றி மலையகத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அப்படி நின்றவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. கால்பந்தில் அதற்கு நூறு வருஷத்துக்கும் மேலான பதிவு இருக்கிறது.

முதலில் வந்தும் மேலே போகாதவர்கள்

பிளேஓஃப் புதிய சாமான் இல்லை. இங்கிலாந்து லீக்கில் இரண்டாம் பிரிவு தொடங்கியது 1892இல். அப்போது யாரும் தானாக மேலே போவதில்லை. மேல் பிரிவில் கடைசி மூன்று இடத்தில் நின்ற அணிகளும், கீழ்ப் பிரிவில் முதல் மூன்று இடத்தில் நின்ற அணிகளும் 'டெஸ்ட் மேட்ச்' ஆட வேண்டும். கிரிக்கெட் இல்லை, கால்பந்து. ஜெயிப்பவருக்கு மேல் பிரிவு.

1893இல் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தது ஸ்மால் ஹீத், இன்றைய பர்மிங்காம் சிட்டி. மேல் பிரிவில் கடைசியில் கிடந்தது நியூட்டன் ஹீத், இன்றைய மான்செஸ்டர் யுனைடெட். முதல் ஆட்டம் 1-1. மறு ஆட்டத்தில் நியூட்டன் ஹீத் 5-2 என்று ஜெயித்தது. வருஷம் முழுக்க ஆடி முதலிடம் பிடித்த அணி கீழேயே இருந்தது, கடைசியாக வந்த அணி மேலேயே இருந்தது.

ஸ்மால் ஹீத் அடுத்த வருஷம் முதலிடம்கூடப் பிடிக்கவில்லை, இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் டெஸ்ட் மேட்சில் டார்வனை 3-1 என்று வென்று மேலே போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

டெஸ்ட் மேட்சுகளின் முடிவு அவமானமாக வந்தது. 1898இல் நாலு அணிகள் ஒன்றோடொன்று ஆடும் முறை இருந்தது. கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கும் பர்ன்லியும் சந்தித்தன. சமநிலையில் முடிந்தால் ரெண்டு பேருக்கும் மேல் பிரிவு நிச்சயம். ஆட்டம் 0-0. கோல் அடிக்க யாரும் முயலவே இல்லை. அதோடு டெஸ்ட் மேட்சுகளை மூட்டை கட்டிவிட்டு, முதல் ரெண்டு அணிகள் தானாக மேலே போகும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1974இல் அது மூன்று அணியானது.

இதைக் கவனியுங்கள். 1974க்கும் 1986க்கும் நடுவில் மூன்றாவதாக வந்தால் கேள்வியே இல்லாமல் மேல் லீக். 1987இல் பிளேஓஃப் திரும்பி வந்தபோது பறிபோனது அந்த மூன்றாமிடம்தான்.

முதல் அடி வாங்கியது ஓல்டம். 1987இல் 75 புள்ளியோடு மூன்றாமிடம். முந்தின வருஷமாக இருந்தால் கொண்டாட்டம். இந்த வருஷம் 68 புள்ளி எடுத்த லீட்ஸோடு ஆட வேண்டும். ரெண்டு ஆட்டமும் சேர்த்து 2-2, எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் லீட்ஸ் முன்னேறியது. லீட்ஸும் மேலே போகவில்லை. முதல் ரெண்டு வருஷமும் மேல் லீக்கில் இருந்து ஒரு அணி பிளேஓஃபுக்கு இறங்கி வரும். இறுதியில் அப்படி வந்த சார்ல்டனிடம் லீட்ஸ் தோற்றது.

1990 முதல் இறுதிப்போட்டி வெம்ப்ளியில் ஒரே ஆட்டமாக நடக்கிறது. நடுவில் மைதானத்தை இடித்துக் கட்டிய வருஷங்களில் மட்டும் கார்டிஃப். லீக்கில் 24 அணிகள், முதல் ரெண்டு நேரே மேலே, மூன்றாவது ஆறாவதோடும் நாலாவது ஐந்தாவதோடும் அரையிறுதி என்பதுதான் நாம் பார்த்துப் பழகிய முறை. ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிகிறது. நல்லதண்ணியில் மலைக்குப் போகிற சீசன் வெசாக்கோடு முடிந்து கடைகள் இறங்குகிற அதே நாட்களில்தான் அங்கேயும் கணக்கு முடிப்பு.

எண்ணிப் பார்த்தால்

1987 முதல் 2025 வரை 39 சீசன். 1991இல் மூன்று அணிகள் நேரே போயின, 1995இல் ஒரே அணிதான் போனது. அந்த ரெண்டு வருஷத்தையும் ஒதுக்கினால் 37. இந்த 37இல் மூன்றாவதாக வந்த அணி பிளேஓஃபில் ஜெயித்து மேலே போனது 13 தடவை. அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். நாலு பேர் ஆடும் போட்டியில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்றால் நாலில் ஒரு பங்கு. ஆக, மூன்றாவதாக வந்தவருக்குக் கொஞ்சம் அனுகூலம் இருக்கிறது. ஆனால் தோற்கிற தடவைகள்தான் அதிகம்.

இப்போது நம்ம கேள்வி. இந்த 37 பேரில் நூலிழையில் தவறியவர்கள் யார்? இரண்டாமிடத்துக்கும் தங்களுக்கும் இடையில் 2 புள்ளி அல்லது அதற்கும் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 14 அணிகள் வருகின்றன.

அதில் ஜெயித்தவர்கள் ஆறு: மிடில்ஸ்பரோ (1988), கிரிஸ்டல் பேலஸ் (1989), இப்ஸ்விச் (2000), டார்பி (2007), வெஸ்ட் ஹாம் (2012), ஃபுல்ஹம் (2018).

தோற்றவர்கள் எட்டு: டார்பி (1992), போர்ட்ஸ்மத் (1993), சண்டர்லாண்ட் (1998), இப்ஸ்விச் (1999, பிறகு 2005), வாட்ஃபோர்ட் (2013), பிரைட்டன் (2016), பிரெண்ட்ஃபோர்ட் (2020).

14க்கு 6. நூற்றுக்கு 43. அதிகப் புள்ளி வித்தியாசத்தில் மூன்றாவதாக வந்த மற்ற 23 அணிகளில் ஜெயித்தது 7, நூற்றுக்கு 30. மனசு உடைந்து போகும் என்ற கதை உண்மையென்றால் எண்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். 14 என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்து நூலிழையில் தவறுவது நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அது சாபம் என்றும் சொல்ல முடியாது. 2025இல் ஷெஃபீல்ட் யுனைடெட் 90 புள்ளியோடு மூன்றாவதாக வந்தது. இரண்டாமிடத்துக்கு 10 புள்ளி தூரம், உடைவதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் 76 புள்ளி எடுத்த சண்டர்லாண்டிடம் கடைசி நிமிஷத்தில் இறுதியைத் தோற்றது.

மிடில்ஸ்பரோவின் கதை இன்னும் நல்ல சாட்சி. 1988இல் ஆஸ்டன் வில்லாவும் மிடில்ஸ்பரோவும் 78 புள்ளி. கோல் வித்தியாசமும் ரெண்டுக்கும் 27. வில்லா அடித்தது 68, மிடில்ஸ்பரோ 63, அதனால் வில்லா மேலே போனது. கடைசி நாளில் சொந்த மைதானத்திலேயே லெஸ்டரிடம் தோற்றுத்தான் மிடில்ஸ்பரோ இதைக் கைவிட்டது. இதைவிட மனசு உடைய என்ன வேண்டும்? அதே டீம் அரையிறுதியில் பிராட்ஃபோர்டிடம் முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்ததில் மேலதிக நேரத்தில் ஜெயித்து, இறுதியில் மேல் லீக்கில் இருந்து வந்த செல்சியையும் தாண்டி மேலே போனது. செல்சி கீழே இறங்கியது.

ஜெயித்தவர்கள் எல்லோரும் நல்லா இருந்தார்கள் என்றும் இல்லை. டார்பி 2007இல் மேலே போய், அடுத்த சீசன் முழுக்க எடுத்தது 11 புள்ளி. இன்றுவரை பிரீமியர் லீக்கில் அதைவிடக் குறைவாக யாரும் எடுத்ததில்லை.

தோற்ற எட்டுப் பேர் அடுத்த வருஷம்

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். நூலிழையில் தவறி, பிளேஓஃபிலும் தோற்ற அந்த எட்டு அணிகள் அடுத்த சீசன் என்ன செய்தன?

சண்டர்லாண்ட் 1998இல் ஒரு புள்ளியில் தவறியது. வெம்ப்ளியில் சார்ல்டனோடு 4-4. சார்ல்டனுக்கு மூன்று கோல் அடித்த கிளைவ் மெண்டோன்சா சண்டர்லாண்டிலேயே வளர்ந்தவர் என்பது தனிக் கொடுமை. பெனல்டியில் 7-6. கடைசி உதையைத் தவறவிட்டவர் மைக்கேல் கிரே, அவரும் அந்த ஊர்க்காரர். பயிற்றுவிப்பாளர் பீட்டர் ரீட் அவரைக் கழற்றிவிடவில்லை. அடுத்த சீசன் சண்டர்லாண்ட் 46 போட்டியில் மூன்றே தோல்வி, 105 புள்ளி, முதலிடம். அதே 1999இல் கிரே இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடினார்.

இப்ஸ்விச் 1999இல் ஒரு புள்ளியில் தவறி, அரையிறுதியில் போல்டனிடம் எதிரணி மைதானக் கோல் கணக்கில் வெளியேறியது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக அரையிறுதியில் தோல்வி. அடுத்த வருஷம் மறுபடியும் மூன்றாமிடம், மறுபடியும் அரையிறுதியில் அதே போல்டன். இந்தத் தடவை ஜெயித்து, இறுதியில் பார்ன்ஸ்லியை 4-2 என்று வென்றது. மேலே போன முதல் வருஷமே ஐந்தாமிடம்.

பிரைட்டன் 2016இல் மிடில்ஸ்பரோவோடு 89 புள்ளியில் சமமாகி, கோல் வித்தியாசத்தில் தவறியது. கடைசி நாளில் அந்த ரெண்டு டீமும்தான் மோதின, 1-1. பிளேஓஃபில் ஆறாமிடத்து ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயிடம் தோல்வி. பயிற்றுவிப்பாளர் கிறிஸ் ஹியூட்டன் தொடர்ந்தார். அடுத்த வருஷம் இரண்டாமிடம், நேரே பிரீமியர் லீக்.

பிரெண்ட்ஃபோர்ட் 2020இல் கடைசி ரெண்டு லீக் போட்டியையும் தோற்று, பிறகு இறுதியில் ஃபுல்ஹமிடமும் தோற்றது. ஒல்லி வாட்கின்ஸ், பென்ராமா என்ற ரெண்டு பெரிய ஆட்டக்காரர்கள் போய்விட்டார்கள். வாட்கின்ஸின் இடத்துக்கு பீட்டர்பரோவில் இருந்து ஐவன் டோனியைக் கொண்டுவந்தார்கள். டோனி 31 லீக் கோல் அடித்தார். மறுபடியும் மூன்றாமிடம், இந்தத் தடவை இறுதியில் ஸ்வான்சியை 2-0 என்று வென்றது. அதற்கு முன் ஒன்பது தடவை பிளேஓஃப் ஆடி ஒன்பதிலும் தோற்ற அணி அது.

எட்டில் நாலு பேர் அடுத்த வருஷமே மேலே போய்விட்டார்கள். சரிபாதி!

மற்ற நாலு பேர்? டார்பி எட்டாமிடம். வாட்ஃபோர்ட் பதின்மூன்றாமிடம். போர்ட்ஸ்மத் 17ஆம் இடம். 2005இல் தவறிய இப்ஸ்விச் 15ஆம் இடம்.

போர்ட்ஸ்மத்துக்கு அந்த 80 கோலில் 42 கோல் அடித்தவர் கை விட்டிங்ஹம், பட்டாளத்தில் இருந்து வந்த ஆட்டக்காரர். அந்தக் கோடையிலேயே அவரை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றுவிட்டார்கள். இப்ஸ்விச் 2005இல் டேரன் பெண்டை சார்ல்டனுக்கு விற்றது. குகி போனார், கோல்காப்பாளர் கெல்வின் டேவிஸும் போனார். மனசு உடைந்ததால் இல்லை, டீம் உடைந்ததால்தான் இவர்கள் விழுந்தார்கள் என்று நினைக்கிறேன். மேல் லீக் கிடைக்காவிட்டால் காசு இல்லை, காசு இல்லாவிட்டால் நல்ல ஆளை விற்க வேண்டும். பிரெண்ட்ஃபோர்டும் விற்றதுதான், ஆனால் போனவரின் இடத்துக்கு ஆள் பார்த்துவிட்டு விற்றது.

இதற்கு ஒரு தனிமனிதனின் சாட்சியும் உண்டு. அந்தோனி நோக்கர்ட் என்ற பிரெஞ்சுக்காரர். 2013இல் லெஸ்டருக்காக வாட்ஃபோர்டுக்கு எதிரான அரையிறுதியின் கடைசி நேரத்தில் பெனல்டி அடித்தார். வாட்ஃபோர்ட் கோல்காப்பாளர் அல்முனியா அதைத் தடுத்தார், திரும்பி வந்ததையும் தடுத்தார். பந்து மறுபக்கம் போய் சில விநாடியில் ட்ராய் டீனி கோல் அடித்தார். யூடியூபில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். நோக்கர்டுக்கு அப்போது 21 வயசு. அடுத்த வருஷம் லெஸ்டர் 102 புள்ளியோடு முதலிடம், அவரும் அந்த டீமில். பிறகு 2016இல் பிரைட்டனோடு இன்னொரு தடவை தோற்றார். 2017இல் பிரைட்டன் மேலே போனபோது அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. ரெண்டு தடவை விழுந்தார், ரெண்டு தடவையும் அடுத்த வருஷம் எழும்பினார்.

கதவு இருக்க வேண்டும்

இவ்வளவும் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த வருஷமும் கதவு திறந்திருக்க வேண்டும்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19 ஐ-லீக்கில் கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூட எடுத்து சாம்பியன் ஆனது. ஆனால் மேலே இருந்த ஐஎஸ்எல்லுக்கு அப்போது கீழே இருந்து போகும் வழியே இல்லை. ஐ-லீக்கை வென்று அப்படி மேலே போன முதல் அணி பஞ்சாப் எஃப்சி, அது 2023இல். ஒரு புள்ளியில் தவறியவனின் துக்கத்தைப் பேசுகிறோம். ஒரு புள்ளியில் ஜெயித்தும் போக இடமில்லாதவனின் துக்கத்துக்கு என்ன பெயர்?

நம்ம நாட்டிலும் கதவு மூடிய கதை உண்டு. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது. ஆடுகிறவர்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை, நிர்வாகத்தில் வந்த சிக்கல். ஆகஸ்டில் தடை நீங்கியது. அக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதல் சுற்றில் யேமனிடம் தோல்வி. ஆனால் அடுத்த வருஷம், 2024 செப்டம்பரில், ஆசியக் கிண்ணத் தகுதிகாண் பிளேஓஃபில் கம்போடியாவோடு முதல் ஆட்டம் 0-0, மறு ஆட்டம் 2-2, பெனல்டியில் இலங்கைக்கு வெற்றி. திறந்த கதவு வழியாக உள்ளே போனார்கள், அவ்வளவுதான்.

இனி வெட்டுப்புள்ளிக்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா அந்தப் பட்டியலில் இருக்கிறது. பரீட்சை எழுத மூன்று தடவை அனுமதி. ஆக, சட்டத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் போர்ட்ஸ்மத் விட்டிங்ஹமை விற்றது எதனால் என்று யோசித்துப் பாருங்கள். முதல் தடவை கொஞ்சத்தில் தவறின பிள்ளையை லயத்து வீட்டில் இன்னொரு வருஷம் படிக்க வைப்பது யாருடைய பேரில்? டியூஷனுக்கு ஹட்டனுக்கு பஸ் காசு யார் தருவது? பிள்ளை கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போய்விட்டால் "மனசு விட்டுட்டான்" என்று ஊர் சொல்லும். மனசு விட்டது அவன் இல்லை. அவனைச் சுற்றி இருந்த டீமைத்தான் கலைத்துவிட்டார்கள்.

அதனால் இந்த வருஷம் ரிசல்ட் வரும்போது, கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவரிடம் போய் "தைரியமா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தைரியம் இருக்கிறவர்கள்தான் அவ்வளவு தூரம் வந்தார்கள். போன வருஷ நோட்ஸ், பழைய வினாத்தாள், ரெண்டாவது தடவை எழுதி ஜெயித்த ஒரு அக்காவின் போன் நம்பர், ஒரு மாச பஸ் காசு, எது முடியுமோ அதைக் கொடுங்கள். எட்டுக்கு நாலு பேர் அடுத்த வருஷம் மேலே போனார்கள். டீம் கலையாமல் இருந்தால் அந்த நாலு ஆறாகலாம்.